நிழல் கறுப்பா, நீலமா?

"ஓவியமா? அதெல்லாம் படிச்சவங்க சமாசாரம்" என்று ஒதுங்குபவரா நீங்கள்? ஒரு வைக்கோல் போரைப் பார்க்கத் தெரிந்தால் போதும், வாங்க!

பிரெஞ்சு ஓவியர் க்ளோத் மோனே, 1890-91ல் தன் வீட்டருகே வயலில் இருந்த போர்களையே திரும்பத் திரும்ப வரைந்தார். இருபதுக்கும் மேற்பட்ட படங்கள்! போர் அதேதான், அதன்மேல் விழுந்த வெளிச்சம்தான் வேறு வேறு. பனிக்காலப் படங்களில் நிழலைக் கவனியுங்கள். கறுப்பா? இல்லை, நீலம்! அசல் ஓவியத்தைப் பக்கவாட்டில் நின்று பார்த்தால், தடிப்பாக அப்பிய பெயின்ட் மேடும் பள்ளமுமாகத் தெரியும். அந்தச் சொரசொரப்பில் வைக்கோலைத் தொட்ட உணர்வே வந்துவிடும். வழவழ காலண்டர் படத்தில் இது கிடைக்காது.

இப்படி வெளிச்சத்தையே பிழிந்து கொடுத்தவருக்குக் கண்புரை வந்தது. 1912லேயே தெரிந்தும், ஆபரேஷனுக்குப் பயந்து தள்ளிப்போட்டார். அந்த வருடங்களில் அவர் வரைந்த தோட்டத்துப் பாலம் செம்பழுப்பாகக் குழம்பிப் போனது. கண்புரைதான் காரணம் என்பது கண் மருத்துவர்கள் பலரின் கருத்து. 1923ல்தான் வலது கண்ணில் ஆபரேஷன்.

நம் வீட்டில் என்ன நடக்கிறது? "புடவைக் கலரே மங்கலாத் தெரியுதும்மா" என்று மாமியார் சொன்னால், "வயசாச்சில்ல, அத்தை" என்று முடித்துவிடுகிறோம்!

என்னைக் கேட்டால், ஞாயிற்றுக்கிழமை ஒரு பத்து நிமிஷம் டி.வி.யை அணையுங்கள். ஓர் இயற்கைக் காட்சிப் படத்தை நடுவில் வைத்து, எல்லோருமாக உட்கார்ந்து நிறங்களைப் பற்றிப் பேசுங்கள். ரசனை வளரும். பெரியவர்கள் சொல்லும் நிறம் மட்டும் வேறாக இருந்தால் சிரிக்காதீர்கள். கண் டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.