ஆளுக்கு ஒருத்தர்

"அப்பா பெரியவன்கிட்ட, அம்மா சின்னவன்கிட்ட. ஆளுக்கு ஒருத்தர்னா யாருக்கும் சிரமம் இல்ல."

நான் பெற்ற பிள்ளைகள் சொன்ன தீர்ப்பு இது. வெண்கலப் பானை யாருக்கு, கிரைண்டர் யாருக்கு என்று பேசிய அதே மூச்சில் எங்களையும் பேசி முடித்தார்கள். நானும் அவரும் அதே கூடத்தில்தான் உட்கார்ந்திருந்தோம். "உங்களுக்குச் சம்மதமா?" என்று ஒப்புக்குக்கூட ஒருத்தன் கேட்கவில்லை.

அவர் சென்னைக்குப் போனார். நான் கோயம்புத்தூருக்கு வந்தேன். கும்பகோணத்து வீட்டை விற்ற பணம் இரண்டு ஃபிளாட்டுக்கும் முன்பணமாகப் போய்விட்டது. அரிசி மண்டியில் கணக்கு எழுதியவருக்கு ஏது பென்ஷன்? கையில் காசும் காலடியில் சொந்த இடமும் இல்லாதவர்களை யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் கொண்டு வைக்கலாம் என்றாகிவிட்டது.

பெரியவன் வீட்டில் பேரனைப் பள்ளி வேனில் ஏற்றி இறக்க ஆள் வேண்டும், அதனால் அவர். சின்னவன் வீட்டில் கைக்குழந்தையைக் குளிப்பாட்டித் தூங்கவைக்க ஆள் வேண்டும், அதனால் நான். பேரப்பிள்ளைகளைப் பார்ப்பது எனக்குப் பாரமில்லை. மடியில் போட்டுக்கொண்டால் மனசு நிறையத்தான் செய்கிறது. ஆனால் நான் பாட்டியாவதற்கு முன்னால், அம்மாவாவதற்கும் முன்னால், ஒருவருக்கு மனைவி. அது எப்படி எல்லோருக்கும் மறந்துபோனது?

எங்களுக்குக் கல்யாணம் ஆனபோது மாமியார், நாத்தனார், கொழுந்தன்கள் என்று வீடு நிறைய ஆள். பகலில் அவரோடு நின்று ரெண்டு வார்த்தை பேசினாலே குற்றம். அப்புறம் நாத்தனார் கல்யாணம், மாமனாருக்குப் படுக்கை, பிள்ளைகளின் படிப்பு, கடன். ராத்திரி கடையிலிருந்து அவர் வருவதற்குள் எனக்குக் கண் சொருகிவிடும். "எல்லாம் ஒரு நாள் முடியும். அப்புறம் நீயும் நானும்தான்" என்பார். அந்த ஒரு பேச்சை நம்பித்தான் அத்தனை வருஷமும் ஓடின. எல்லாம் முடிந்தது. நீயும் நானும் என்று உட்காரவேண்டிய நேரத்தில் எங்களைப் பிரித்தார்கள்.

வயசானவர்களுக்கு வேளைக்குச் சோறு, படுக்க இடம், மாத்திரை இருந்தால் போதும் என்று நினைக்கிறார்கள். அவருக்குக் கண் நீர் அழுத்தம். ராத்திரி தவறாமல் சொட்டு மருந்து விடவேண்டும். அவர் தலையை என் மடியில் சாய்த்து, இமையை விலக்கி விடுவேன். இப்போது அவரே விட்டுக்கொள்கிறாராம். கை நடுங்குகிறவருக்கு எத்தனை சொட்டு கண்ணில் விழும், எத்தனை கன்னத்தில் வழியும்? அந்தக் கவலையில் எனக்கு இங்கே தூக்கம் வருவதில்லை. அதைப் போனில் கேட்கவும் வழியில்லை, அவருக்குக் காது மந்தம். வீடியோவில் மருமகள் போனைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். "சாப்பிட்டியா?" என்று கத்துவார். "சாப்பிட்டேன், நீங்க?" என்று நானும் கத்துவேன். சுற்றி எல்லோரும் சிரிப்பார்கள். எங்களுக்கு அனுமதித்த தாம்பத்தியம் அவ்வளவுதான்.

போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்றால் ரயில் டிக்கெட்டுக்கும் மகன் முகத்தைப் பார்க்கவேண்டும். முன்பு 58 வயதான பெண்களுக்குப் பாதிக் கட்டணம், 60 வயதான ஆண்களுக்கு நூற்றுக்கு நாற்பது தள்ளுபடி இருந்தது. கொரோனாவைக் காட்டி 2020 மார்ச்சில் நிறுத்தினார்கள். கொரோனா போயும் சலுகை திரும்பவில்லை. பெண்களுக்கு இலவச டவுன் பஸ் வந்தது நல்லதுதான், அது கோயம்புத்தூரைத் தாண்டாதே! என் புருஷன் சென்னையில் அல்லவா இருக்கிறார்.

என் சின்ன மருமகள் அரசுப் பள்ளி ஆசிரியை. கல்யாணமான புதிதில் அவளுக்கு ஒரு மாவட்டத்தில் வேலை, என் மகனுக்கு இன்னொரு மாவட்டத்தில். பிரிந்திருக்க முடியவில்லை என்று அழுதாள். அவளுக்காக நான் அபிராமிக்கு வேண்டிக்கொண்டேன். மாறுதல் கலந்தாய்வில் கணவன் இருக்கும் ஊருக்கு முன்னுரிமை கிடைத்து இங்கே வந்தாள். பிரிவென்றால் என்னவென்று தெரிந்தவள்தானே அவள்? என் முகத்தைப் பார்த்து ஒரு நாளாவது, "அத்தை, மாமாவை இங்கேயே கூப்பிட்டுக்கலாமா?" என்று கேட்டிருக்கலாமே.

சட்டத்திலும் எங்களுக்கு இடமில்லை. கணவனோ மனைவியோ காரணமில்லாமல் விலகிப் போனால், சேர்ந்து வாழ உத்தரவிடுங்கள் என்று கேட்க 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தில் 9ஆவது பிரிவு இருக்கிறது. என் புருஷன் என்னை விட்டு விலகவில்லையே! பிள்ளைகள் பிரித்தால் எந்தப் பிரிவில் போய் முறையிடுவது? பெற்றோரைக் காக்க 2007இல் வந்த சட்டம் சோறு, துணி, இருப்பிடம், வைத்தியம் எல்லாம் சொல்கிறது. தாயையும் தகப்பனையும் ஒரே கூரையின்கீழ் வைத்திருக்கவேண்டும் என்று ஒரு வரி அதில் இல்லை.

இப்போது அவருக்கு எழுபது பிறக்கிறது. திருக்கடையூரில் பீமரத சாந்தி செய்யப்போகிறார்களாம். அறுபதாம் கல்யாணமும் அங்கேதான் நடந்தது. கலசநீர் ஊற்றி, மாலை மாற்றவைத்து, அவர் கையால் எனக்கு மறுபடியும் தாலி கட்டவைத்து, நூறு பேர் எங்கள் காலில் விழுந்து ஆசீர்வாதம் வாங்கினார்கள். அந்தப் படம் இரண்டு ஃபிளாட்டிலும் மாட்டியிருக்கிறது. இந்தத் தடவையும் மண்டபம் பேசியாயிற்று, எனக்குப் பட்டுப்புடவை எடுத்தாயிற்று. மறுநாள் அவருக்குச் சென்னை ரயில், எனக்குக் கோயம்புத்தூர் ரயில். அதற்கும் டிக்கெட் போட்டாயிற்று.

ஏண்டா, மார்க்கண்டேயனைப் பிடிக்க வந்த எமனையே சுவாமி காலால் உதைத்த சன்னிதி அல்லவா அது? எமன் வந்து பிரிக்கவேண்டிய எங்களை அவன் வருவதற்கு முன்னாலேயே பிரித்துவிட்டு, எந்த முகத்தோடு அங்கே கொண்டுபோய் நிறுத்தப் போகிறீர்கள்?

நான் வரமாட்டேன். உங்கப்பாவும் வரமாட்டார். அந்த மண்டபத்துக்கும் சாப்பாட்டுக்கும் செலவு செய்யும் பணத்தில் கும்பகோணத்தில் ஒரு ஓட்டு வீடு வாடகைக்குப் பிடித்துக் கொடுங்கள். ஒரு அறையும் ஒரு அடுப்பும் போதும், மாதாமாதம் ஆளுக்குப் பாதி அனுப்புங்கள். குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் ஓடி வருவேன், லீவுக்குப் பேரன்களை அனுப்புங்கள், வைத்துக்கொள்கிறேன். முடியாது என்றால் கோட்டாட்சியர் ஆபீசுக்கு மனு போகும். பெற்றோரைக் காக்கும் அந்த 2007ஆம் ஆண்டுச் சட்டத்தில் மாதம் 10,000 ரூபாய் வரை ஜீவனாம்சம் வாங்கித் தர வழியிருக்கிறது. பெற்ற பிள்ளைகள்மேல் மனுப் போடுவது எனக்கு உயிர் போகிற வேதனைதான். ஆனாலும் போடுவேன். ஒரே மனு, அதில் இரண்டு கையெழுத்து, அவருடையதும் என்னுடையதும்.