எஃகை அரிக்கும் கழிவுநீர்

இராயபுரம் முதல் எண்ணூர் வரை வடசென்னைக் கரையின் வாழ்வு எஃகை நம்பியே நிற்கிறது. நூறாண்டு கடந்த சென்னைத் துறைமுகம், 2001-இல் இயங்கத் தொடங்கிய காமராசர் துறைமுகம், காசிமேட்டு விசைப்படகுகள், எண்ணெயும் சாம்பல் குழம்பும் ஓடும் குழாய்கள் ஆகிய அனைத்தையும் துரு விடாது பற்றுகிறது. உப்பின்மேல் பழியைப் போட்டு நாம் அமைந்துவிடுகிறோம். உப்பு செய்வது பாதி வேலையே.

உயிர்வளி எட்டாத சேற்றிலும் எஃகு அரிபடுகிறது. அங்குள்ள நுண்ணுயிர்கள் கடல்நீரின் சல்பேட்டைக் கொண்டு உயிர்த்து, அழுகிய முட்டை நாற்றமுடைய ஹைட்ரஜன் சல்பைடை வெளியிடுகின்றன. டச்சு அறிஞர் இருவர் 1934-இலேயே இதனை விளக்கினர். கடல் வற்றும் தாழ்மட்டத்தை ஒட்டி, துறைமுகங்களின் எஃகுத் தகட்டுச் சுவர்களில் இந்நுண்ணுயிர் அரிப்பின் அடையாளமாகச் செம்மஞ்சள் திட்டுகள் தோன்றுவதுண்டு. சுரண்டினால் கரிய குழம்பு; அதனடியில் குழிவிழுந்து பளபளக்கும் எஃகு. வழக்கமாக ஆண்டுக்கு ஏறத்தாழ 0.1 மி.மீ. தேயும் தகடு, அவ்விடத்தில் அரை மி.மீ.க்கு மேலும் தேயக்கூடும்.

நைட்ரஜன் சத்து மிகுந்த நீரில் இவ்வரிப்பு விரைவதை ஆஸ்திரேலிய ஆய்வுகள் காட்டியுள்ளன. பக்கிங்காம் கால்வாய் வழியே கழிவுநீரைக் கடலுக்கு அனுப்பும் நமக்கு இது நேரடி எச்சரிக்கை. நாம் நீரைக் கெடுக்கிறோம். கெட்ட நீர் எஃகை அரிக்கிறது. எஃகு தோற்றால் மீண்டும் நீரே கெடுகிறது.

குழாய் தோற்பதன் விலையை இப்பகுதி அறியும். 2013-இல் தண்டையார்பேட்டையில் நிலத்தடிக் குழாயிலிருந்து கசிந்த எரிபொருள் நிலத்தடி நீரில் கலந்தது. அனல்மின் நிலையச் சாம்பல் குழாய்களின் கசிவு கொசஸ்தலையாற்றைத் தூர்த்தது. காரணம் எதுவாயினும், துன்புற்றோர் கரையோர மக்களே.

காக்கும் அறிவுக்குப் பஞ்சமில்லை. காரைக்குடியில் 1948-இல் அடிக்கல் நாட்டப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம் அரிப்பையே தன் முதன்மைத் துறைகளுள் ஒன்றாகக் கொண்டது. தம்மை இழந்து எஃகைக் காக்கும் துத்தநாகக் கட்டிகளும், உறுதியான மேற்பூச்சும், மீயொலியால் தடிமன் அளக்கும் கருவியும் எளிதில் கிடைப்பவையே.

ஆகவே அரசு மூன்றைச் செய்ய வேண்டும். நீருக்கடியிலும் மண்ணுக்கடியிலும் உள்ள எஃகின் தடிமனைச் சார்பற்ற வல்லுநர் குறித்த காலத்தில் அளக்க வேண்டும். அம்முடிவுகளையும் ஒவ்வொரு குழாயின் வயதையும் தமிழில் வெளியிட்டு மீனவ ஊர்களுக்கு அளிக்க வேண்டும். சுத்திகரிக்காத கழிவுநீர் கால்வாயில் கலப்பதை நிறுத்த வேண்டும். கசிந்தபின் இழப்பீடு பேசும் ஆட்சியைவிட, கசியுமுன் குழாயை மாற்றும் ஆட்சியே எண்ணூர் மக்களுக்குத் தேவை.