சக்கரமும் இருக்கையும் – வாங்குமுன் ஒரு வார்த்தை



வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் ஊர் திரும்பும் நம் வீட்டு ஆண்மக்கள், வந்த வாரத்திலேயே இரண்டு காரியங்களில் கை வைப்பார்கள். ஒன்று, வீட்டுக்கு வெள்ளையடிப்பது. மற்றொன்று, வாசலில் நிற்கும் காரை அலங்கரிப்பது. கீழக்கரையில் வாழும் என் ராத்தாவின் கணவரும் சென்ற விடுமுறையில் அப்படித்தான் வந்தார். ஆறாண்டுகள் ஓடிய ஸ்விஃப்ட் கார். நான்கு டயர்களும் தேய்ந்திருந்தன. நாற்பதாயிரம் ரூபாய் ஒதுக்கி வைத்திருந்தார்.

"இந்த இரும்புச் சக்கரங்களைக் கழற்றிவிட்டுப் பதினாறு அங்குல அலாய் வீல் போட்டால் வண்டி புதிது போல் ஆகிவிடும். நீ என்ன தம்பி சொல்கிறாய்?" என்று என்னைக் கேட்டார்.

நான் வாய் திறக்குமுன் உள்ளேயிருந்து உம்மா சொன்னார்கள்: "வண்டி அழகாக இருந்து என்ன வாப்பா செய்வது? மதுரை போய் வருவதற்குள் என் இடுப்பு ஒடிந்து போகிறது. அதற்கு ஏதாவது வழி பாருங்கள்."

அந்தக் காரின் வேலை என்னவென்று அப்போதுதான் இருவரும் எண்ணிப் பார்த்தோம். மாதம் ஒருமுறை உம்மாவை மதுரையில் உள்ள மருத்துவரிடம் அழைத்துச் சென்று திரும்ப வேண்டும். போக மட்டுமே நூற்று இருபது கிலோமீட்டருக்கு மேல். நாள்தோறும் இரண்டு பிள்ளைகளைப் பள்ளியில் விட வேண்டும். இடையிடையே கல்யாண வீடுகள். பந்தயத்துக்குப் போகும் வண்டியன்று அது. ஒரு குடும்பத்தின் உயிர்களைச் சுமக்கும் வண்டி. ஆகவே நாற்பதாயிரம் ரூபாயை எங்கே செலவிடுவது என்பது அழகு பற்றிய கேள்வியாக இருக்க முடியாது.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் என் காருக்கு இரண்டு டயர்கள் மட்டும் மாற்ற நேர்ந்தது. "இழுப்பதும் திருப்புவதும் முன்சக்கரம்தானே, புதியதை முன்னால் போடுங்கள்" என்றார் கடைக்காரர். சரியென்று தோன்றியது, தலையாட்டினேன். அந்த நவம்பர் மாத மழையில், மானாமதுரையைத் தாண்டிய ஒரு வளைவில், தேய்ந்த பின்சக்கரங்கள் பிடிமானம் இழந்தன. காரின் பின்பாகம் விசிறிபோல் சுழன்று, வண்டி வந்த திசையைப் பார்த்து நின்றது. பின்னிருக்கையில் என் மக்கள் இருவரும் இருந்தார்கள். எதிரே லாரி எதுவும் வராததால்தான் இன்று இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். டயர் பற்றிப் படிக்கத் தொடங்கியது அதற்குப் பின்னர்தான். அன்று அறிந்தவற்றை இங்கே தருகிறேன்.

டயரில் எழுதியிருப்பது என்ன?

ராத்தா வீட்டுக் காரின் டயரில் 165/80 ஆர்14 85டி என்று பொறித்திருந்தது. 165 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 80 என்பது அந்த அகலத்தில் பக்கச்சுவரின் உயரம் எத்தனை விழுக்காடு என்பது. கணக்கிட்டால் 132 மி.மீ. வருகிறது. 'ஆர்' என்றால் ரேடியல் வகை. 14 என்பது உள்ளிருக்கும் ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 85 என்பது சுமைக் குறியீடு. ஒரு டயர் 515 கிலோ வரை தாங்கும். இறுதி எழுத்து வேக எல்லை. 'டி' என்றால் மணிக்கு 190 கிலோமீட்டர். புதிய டயரின் சுமைக் குறியீடும் வேகக் குறியீடும் பழையதற்குக் குறையாமல் இருக்க வேண்டும்.

இப்போது மச்சான் விரும்பிய பதினாறு அங்குல வளையத்தைப் பாருங்கள். கடையில் அதற்கெனக் காட்டப்பட்ட டயர் 195/50 ஆர்16. அதன் பக்கச்சுவர் 97.5 மி.மீ. மட்டுமே. அதாவது சாலைக் குழிக்கும் உம்மாவின் முதுகுக்கும் இடையே இருந்த காற்று மெத்தையில் மூன்றரை சென்டிமீட்டர் காணாமற் போகிறது. இடுப்பு வலிக்கென்று ஒதுக்கிய பணத்தில் இடுப்பு வலியையே விலைக்கு வாங்குவதாகும் அது! மேலும் சக்கரத்தின் முழு விட்டம் ஏறத்தாழ 620 மி.மீட்டரிலிருந்து 601 ஆகக் குறைந்து, வேகமானி தவறாகக் காட்டும். குறைந்த உயரத்தால் வண்டியின் அடிப்பாகம் வேகத்தடையில் இடிக்கவும் கூடும்.

பெரிய சக்கரமே கூடாதா என்றால், அப்படியும் இல்லை. 2018இல் வெளிவந்த ஸ்விஃப்ட்டின் தொடக்க வகைகளுக்கு 165/80 ஆர்14 அளவையும், உயர்ந்த வகைகளுக்கு 185/65 ஆர்15 அளவையும் தயாரிப்பாளரே கொடுத்தார். இரண்டையும் கணக்கிட்டுப் பார்த்தால் முழு விட்டம் 620, 621 என்று ஏறக்குறைய ஒன்றாகவே வரும். மாற்ற விரும்புவோர் தங்கள் காரின் கையேட்டில் தயாரிப்பாளர் குறித்திருக்கும் அளவுகளுக்குள் நிற்பதே அறிவுடைமை. தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றியமைப்பதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிக்காத மாற்றங்கள், இழப்பீடு கேட்கும் நாளில் நமக்கே எதிராகத் திரும்பும்.

சக்கரம் பொருந்துமா?

அலாய் வீல் வாங்குவோர் விட்டத்தை மட்டும் பார்த்தால் போதாது. போல்ட் துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டத்தைக் கடைகளில் பி.சி.டி. என்பார்கள். ஸ்விஃப்ட்டுக்கு 100 மி.மீ. வட்டத்தில் நான்கு துளைகள். இன்னோவா கிரிஸ்டாவுக்கு 114.3 மி.மீ. வட்டத்தில் ஐந்து. நடுத்துளையும் சரியாக அமர வேண்டும். ஸ்விஃப்ட்டுக்கு அது 54.1 மி.மீ. துளை பெரிதாயின் அதற்குரிய வளையத்தை இடாவிட்டால் வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கும். சக்கரம் உள்ளே தள்ளியிருக்கிறதா வெளியே நீட்டியிருக்கிறதா என்பதைக் காட்டும் 'ஆஃப்செட்' அளவு மாறினால், டயர் மட்கார்டில் உரசும். பேரிங்குக்கும் சுமை கூடும். அலாய் வீலுக்கும் இரும்புச் சக்கரத்துக்கும் நட்டுகளின் வடிவம் வேறுபடலாம், கேட்டு வாங்குங்கள். மாட்டிய பின் ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை மீண்டும் முறுக்கிப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. குழியில் பலமாக விழுந்தால் இரும்புச் சக்கரம் பெரும்பாலும் வளையும். அலாய் சக்கரம் விரிசல் விடவும் கூடும். நம் ஊர்ச் சாலைகளை நினைவில் வைத்து முடிவு செய்யுங்கள்.

வயது முக்கியம்

டயரின் பக்கச்சுவரில் ஒரு சிறு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 3224 என்றிருந்தால் 2024ஆம் ஆண்டின் 32ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். கிடங்கில் பல ஆண்டு கிடந்த டயரைத் தள்ளுபடி விலையில் தந்தால் மகிழ்ந்து வாங்கிவிடாதீர்கள். ரப்பர் ஓடாமலேயே முதுமை அடையும். ஐந்தாண்டு கடந்த டயரை ஆண்டுதோறும் பரிசோதிக்க வேண்டும். பத்தாண்டு கடந்ததைப் புதிது போல் தோன்றினாலும் மாற்றிவிட வேண்டும். டிக்கியில் உறங்கும் ஸ்டெப்னிக்கும் இது பொருந்தும்.

ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத டயரைத் தொடவே வேண்டாம். 1946இல் திருவொற்றியூரில் பலூன் செய்யும் சிறு கூடமாகத் தொடங்கிய எம்.ஆர்.எஃப். 1961இல் டயர் உற்பத்தியில் இறங்கியது. இன்று ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் என நம் மாநிலத்திலேயே பெரிய டயர் ஆலைகள் இருக்கின்றன. பெயர் தெரியாத சரக்கைத் தேடி அலைய வேண்டிய தேவை நமக்கில்லை.

டயரின் பள்ளங்களுக்குள் குறுக்கே சிறு மேடுகள் இருக்கும். தேய்மானம் அந்த மேட்டைத் தொட்டால் ஆழம் 1.6 மி.மீ. மட்டுமே மிச்சம், சட்டப்படியும் அந்த டயரின் ஆயுள் அத்துடன் முடிந்தது. ஆயினும் அந்தப் பள்ளங்களின் பணி மழைநீரை வெளியேற்றுவது. ஆகவே 3 மி.மீ. அளவிலேயே, அதுவும் ஐப்பசி மழைக்கு முன்பே, மாற்றிவிடுவது நன்று.

நான்கையும் ஒருசேர மாற்ற இயலாதோர் ஒரே அளவில், ஒரே வகையில் இரண்டை வாங்கிப் பின்னால் போடுங்கள். முன்சக்கரம் வழுக்கினால் வண்டி திரும்பாமல் நேரே போகும். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெரும்பாலும் பிடிமானம் திரும்பிவிடும். பின்சக்கரம் வழுக்கினால் வண்டியே சுழலும். தேர்ந்த ஓட்டுநரும் அதை மீட்பது அரிது. மானாமதுரை வளைவில் நான் கற்ற பாடம் இதுவே.

காற்றின் அளவு ஓட்டுநர் கதவின் சட்டத்தில் ஒட்டியிருக்கும். டயரின் பக்கத்தில் எழுதியிருப்பது உச்ச எல்லையேயன்றி நாம் அடிக்க வேண்டிய அளவன்று. மாதம் ஒருமுறை, வண்டி ஓடிச் சூடேறுமுன் பார்க்க வேண்டும்.

இருக்கையில் சுகம்

இனி உம்மாவின் இடுப்புக்கு வருவோம். பழகிய காரில் இருக்கையின் ஸ்பாஞ்சு அமுங்கிவிடுவது இயல்பு. அதன்மேல் தலையணைகளை அடுக்கினால் சுகம் வருவதில்லை, ஆபத்து வருகிறது. உயர்ந்து வழுக்கும் மெத்தையில் அமர்ந்தவரின் சீட் பெல்ட் இடுப்பெலும்பில் நில்லாமல் வயிற்றுக்கு ஏறிவிடும். மோதலில் உடல் பெல்ட்டுக்கு அடியில் நழுவும். சீட் வேலை தெரிந்தவரிடம் கொடுத்து, பழைய உயரத்துக்கே நல்ல அடர்த்தியான ஸ்பாஞ்சு வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். தொடைக்குத் தாங்கலும் இடுப்பின் வளைவுக்கு மெல்லிய முட்டும் இருந்தால் போதும். தலைச்சாய்வின் மேல்விளிம்பு தலையின் உச்சியளவுக்கு நிற்க வேண்டும்.

முழங்கால் வலியுள்ள முதியோர் முதலில் பக்கவாட்டில் அமர்ந்து, பிறகு இரு கால்களையும் ஒன்றாக உள்ளே எடுப்பது எளிது.

உறை வாங்கும்போது இருக்கையின் பக்கத்தில் 'ஏர்பேக்' என்ற சிறு சீட்டு தைத்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதன்மேல் சாதாரண உறையைப் போர்த்தக் கூடாது. காற்றுப்பை விரிய வேண்டிய வழி அடைபட்டுவிடும். அதற்கென்றே தையல் விட்ட உறைகள் தனியே கிடைக்கின்றன. துணி வகையில், சித்திரை வெயிலில் ரெக்சின் சுடும்; காற்றுப் புகும் நெசவுத் துணியே நம் தட்பவெப்பத்துக்கு இசைவானது.

நம் பெண்மக்களுக்கு ஒரு சொல். புர்காவின் மடிப்புகள் பெல்ட்டுக்கடியில் திரண்டு நிற்காதபடி நீவிவிட்டு, பட்டியை உடலோடு ஒட்ட அணியுங்கள். கருவுற்றோர் கீழ்ப்பட்டியை வயிற்றுக்குக் கீழே, இடுப்பெலும்பின்மேல் செல்லவிட வேண்டும்; தோள்பட்டி மார்பின் நடுவே, வயிற்றுக்குப் பக்கவாட்டில் இறங்க வேண்டும். பின்னிருக்கையில் அமர்வோரும் பெல்ட் அணிவது கட்டாயம். குழந்தையை மடியில் வைத்து முன்னிருக்கையில் அமரும் வழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். மோதும் வேகத்தில் தாயின் கைகள் குழந்தையைப் பிடித்து வைக்க இயலாது. பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளை பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இன்றிப் பயணம் செய்தால் ஆயிரம் ரூபாய் அபராதம் என்று 2019ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் கூறுகிறது. அபராதத்துக்கு அஞ்சியா நாம் பிள்ளைகளைக் காப்பது?

முடிவாக மச்சான் என்ன செய்தார் என்று கேட்பீர்கள். இரும்புச் சக்கரங்களைத் துடைத்து வண்ணமடித்து அவற்றையே வைத்துக்கொண்டார். நான்கு புதிய டயர்கள், பழைய அளவிலேயே. ஒதுக்கிய தொகையில் பாதிக்குச் சற்று மேல் அதற்குச் சென்றது. மீதியில் சின்னவனுக்குக் குழந்தை இருக்கை ஒன்றும், முன்னிருக்கைக்குப் புதிய ஸ்பாஞ்சும் துணியும் வந்தன. அலாய் வீல் போடவில்லையே என்று அவருக்குச் சிறு வருத்தம் இருந்தது உண்மைதான். ஆனால் அடுத்த முறை மதுரை சென்று திரும்பியபோது, பரமக்குடி தாண்டுமுன்பே உம்மா உறங்கிவிட்டார்கள். கீழக்கரை வந்த பிறகுதான் எழுப்ப வேண்டியிருந்தது. மச்சான் அதைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டி வந்ததாக ராத்தா சொன்னார்.

மழைக்காலம் வருமுன் உங்கள் வாசலில் நிற்கும் வண்டியை ஒருமுறை குனிந்து பாருங்கள். ஐந்து டயர்களின் நான்கிலக்க எண்களையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அலங்காரம் அடுத்த விடுமுறை வரை காத்திருக்கும்.