கைதட்டல் மட்டும் போதாது

ரொறன்ரோவில் வாழும் பழைய நண்பர் ஒருவர் தொலைபேசியில் அலுத்துக்கொண்டார். "பூர்வகுடிகளுக்கு ஒரு திரைப்பட விழா போதாதா? பயிற்சி, மானியம் என்று பொதுப்பணத்தை ஏன் கொட்டுகிறார்கள்? திறமை இருந்தால் தாமாகவே முன்னுக்கு வருவார்கள்தானே" என்பது அவரது வாதம். நம்மவர் பலரிடமும் இவ்வெண்ணம் உண்டு. ஆகவே பதிலைப் பகிரங்கமாகவே எழுதுகிறேன்.

அவர்கள் இத்தனை காலம் படமெடுக்காதிருந்தது திறமையின்மையாலா? கமெரா எப்போதும் பிறர் கையில் இருந்தது என்பதே உண்மை. 1922இல் வெளிவந்த 'நனூக் ஒஃப் த நோர்த்' ஆவணப்படங்களுக்கு முன்னோடி எனப் போற்றப்படுகிறது. அதில் நனூக்காகத் தோன்றிய இனுயிற் வேட்டைக்காரரின் உண்மைப் பெயர் அலகாரியல்லாக். துப்பாக்கியால் வேட்டையாடிய மக்களை, பழமை வேண்டும் என்பதற்காக ஈட்டி ஏந்த வைத்தார் நெறியாளர் றொபேட் ஃபிளாஹெற்றி.

இது நூறாண்டுக்கு முந்திய கதை என்று ஒதுக்கிவிடவும் இயலாது. 1968இல் கனேடியத் தேசியத் திரைப்படச் சபை பூர்வகுடி இளைஞர்களைப் பயிற்றுவித்து ஒரு படக்குழுவை அமைத்தது. அக்குழுவைச் சேர்ந்த மோஹோக் இளைஞர் மைக்கல் மிச்செல், அக்வெசாஸ்னேயில் தம் மக்கள் பாலத்தை மறித்து நடத்திய போராட்டத்தை 'யூ ஆர் ஒன் இந்தியன் லாண்ட்' (1969) என்ற படமாக்கினார். ஆனால் நெறியாளர் என்ற பெயர் வேறொருவருக்குப் போயிற்று. அப்பெயர் மிச்செலுக்கே உரியது என்று சபை ஏற்றுக்கொண்டது 2017இல்!

இனி ஆர்க்ரிக் பனிப்பிரதேசத்து இக்லூலிக்கைப் பாருங்கள். தங்கள் இனுக்ரிருற் மொழிக்கு இடமில்லாத தொலைக்காட்சி வேண்டாம் என்று 1970களில் இருமுறை வாக்களித்து மறுத்த சிற்றூர் அது. அவ்வூர்ச் சிற்பி சக்கரியாஸ் குனுக் தமது கற்சிற்பங்களை விற்று 1981இல் வீடியோ கமெரா வாங்கினார். 2001இல் அவரது 'அத்தனார்ஜுவாற்' கான் விழாவில் சிறந்த முதற்படத்துக்கான விருதைப் பெற்றது. இனுக்ரிருற் மொழியின் முதல் முழுநீளக் கதைப்படம் அது.

"பார்த்தீரா, தனிமனிதத் திறமை!" என்பார் நண்பர். கமெராவுக்கும் விருதுக்கும் இடையே இருபது ஆண்டுகள் கழிந்தன. அக்காலத்தில் இனுயிற் ஒளிபரப்புக் கூட்டுத்தாபனத்தில் பணியாற்றித் தொழில் பழகினார் குனுக். 1990இல் தோழர்களுடன் சேர்ந்து இசுமா என்ற சொந்த நிறுவனத்தையும் தொடங்கினார். திறமைக்கும் ஒரு பட்டறை வேண்டும்.

கியூபெக்கில் 2004இல் தொடங்கிய வாபிக்கோனி மொபைல் செய்வதும் இதுவே. கலையகமாக மாற்றிய வாகனம் பூர்வகுடிக் கிராமங்களுக்கே செல்கிறது. இளைஞர்கள் பழகுகிறார்கள், குறும்படம் எடுக்கிறார்கள். முடிவில் ஊர் கூடி அப்படங்களைப் பார்க்கிறது. முதற் கைதட்டல் சொந்த ஊராருடையது. கொண்டாட்டமும் பயிற்சியும் ஒன்றையொன்று தாங்கி நிற்பது இப்படித்தான். பயிற்சியின்றி விழா மட்டும் நடத்துவது, விதைக்காமல் அறுவடைத் திருநாள் கொண்டாடுவதற்கு ஒப்பாகும்.

நான் குற்றமற்றவன் அல்லன். பல்லாண்டுகளுக்கு முன் வாகரைப் பக்கம் தமிழ் பேசும் வேடர் சமூகத்தவரிடம் செய்தி சேகரிக்கச் சென்றேன். படம் எடுத்தேன், கட்டுரை எழுதினேன், பாராட்டும் பெற்றேன். முதியவர் ஒருவர் "இந்தப் படத்தில ஒண்டு எங்களுக்கும் தருவீங்களோ?" என்று கேட்டார். தலையாட்டிவிட்டு வந்தேன். அனுப்பவேயில்லை. எங்கள் கதையைப் பிறர் திரித்துப் படமாக்கினால் கொதித்தெழும் நாம், பிறர் கதையை எடுத்துக்கொள்ளும்போது மட்டும் கலைஞர்களாகி விடுகிறோம்.

நண்பரே, 1998இல் நிறுவப்பட்ட இமாஜின்நேட்டிவ் அமைப்பு திரைப்பட விழா நடத்துவது உமது நகரில்தான். அடுத்த விழாவுக்கு நுழைவுச்சீட்டு வாங்கிச் செல்லும். நீர் வீடு கட்டியிருக்கும் மண்ணின் கதையை அதற்குரியவர்கள் சொல்லக் கேளும். அதன் பின்னரும் அந்த மானியம் வீண் என்று தோன்றினால், மறுபடி தொலைபேசி எடும். பேசுவோம்.