கெத்து யாருடையது?

அம்மா திட்டினால் பிள்ளை தாங்கிக்கொள்ளும். சேக்காளிகள் ஒதுக்கினால் தாங்காது. பதின்பருவத்தில் சக வயதினரின் பார்வைதான் கண்ணாடி. இது எல்லாச் சாதிப் பிள்ளைக்கும் பொது.

1982இல் கோய், டாட்ஜ், காப்போடெல்லி என்ற அமெரிக்க உளவியலாளர்கள் மாணவர்களிடம் கேட்டார்கள்: யாரை ரொம்பப் பிடிக்கும்? யாரைப் பிடிக்கவே பிடிக்காது? பலருக்கும் பிடித்தவர், ஒதுக்கப்பட்டவர், கண்டுகொள்ளப்படாதவர் என்று பதில்களைப் பிரித்தார்கள். பின்வந்த ஆய்வுகள் இன்னொன்றையும் சொல்லின: வகுப்பில் 'பெரிய ஆள்' எனப்படுகிறவன் எல்லோருக்கும் பிடித்தவனாக இருக்கவேண்டியதில்லை. பிரியம் வேறு, கெத்து வேறு.

பிரியத்தைச் சம்பாதிக்க வேண்டும். கெத்தை இங்கே ஊரே நூலாகத் திரித்துக் கையில் கட்டி அனுப்புகிறது. உதவித்தொகைக்காகக் கணக்குத் தொடங்க வரும் மாணவர்களை வங்கிக் கவுண்டரில் பார்க்கிறேன். பாரத்தில் பெயர் எழுதும் முன்பே மணிக்கட்டு சாதியைச் சொல்லிவிடுகிறது. வரிசையில் யார் பக்கத்தில் யார் நிற்பது என்பதையும் அந்த நிறமே தீர்மானிக்கிறது.

இந்த நிலையில் சேரிப் பையன் ஒருவன் படிப்பாலோ ஆட்டத்தாலோ நாலு பேர் பிரியத்தைப் பெற்றுவிட்டால்? "இவனெல்லாம் ஒரு ஆளாடா?" இந்தக் கேள்வியில் விடலைப் பொறாமையும் உண்டு, ஊர்ச் சட்டமும் உண்டு. நாங்குநேரியில் நன்றாகப் படித்த தலித் மாணவன், உடன்படித்த ஆதிக்கச் சாதி மாணவர்களின் தொல்லை தாங்காமல் பள்ளிக்குப் போவதையே நிறுத்தினான். விசாரித்த ஆசிரியரிடம் உண்மையைச் சொன்னான். 2023 ஆகஸ்ட் 9 இரவு வீடு புகுந்து வெட்டினார்கள். தடுத்த தங்கைக்கும் வெட்டு. வெட்டியவர்களும் பள்ளிப் பிள்ளைகள்தாம். அரிவாளைப் பிடிக்கும் துணிச்சலை அவர்களுக்குக் கொடுத்த பெரியவர்கள் யார்?

இதையொட்டி அமைந்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சாதிக் கயிறுக்குத் தடை, அகரவரிசையில் இருக்கை, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதியை நீக்குதல் எல்லாம் அதில் உண்டு. வெறும் கயிறுதானே என்று சிலர் எதிர்த்தார்கள். வெறும் கயிறென்றால் அவிழ்ப்பதில் என்ன கஷ்டம்? அகரவரிசை சின்ன விஷயமில்லை. பக்கத்தில் உட்கார்ந்தால்தான் பிரியம் முளைக்கும்.

நம் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. அடிவாங்கிய கை எதிர்க்கயிறு தேடுவது புரிகிறது. ஆனாலும் தம்பி, அவன் அளவுகோலால் உன்னை அளக்காதே. உன் கெத்தைத் தர உன் படிப்பு இருக்கிறது, பறை இருக்கிறது, உன்னை நம்பும் கூட்டாளி இருக்கிறான்.

ஆசிரியர்களே, உங்கள் வகுப்பில் பேசாமல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பவன் பெயர் உங்களுக்குத் தெரியுமா? நாளைக் காலை அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்.