அளந்தவரே அடையாளச் சீட்டும் எழுதவேண்டும்

ஆராய்ச்சி முடிவுகளை இணையதளத்தில் வெளியிட்டுவிட்டால் கடமை தீர்ந்தது என்று கருதுவது பல நிலையங்களில் வழக்கமாகிவிட்டது. வெளியிட்டது யார் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்று பார்ப்பவர் சிலரே. மாவட்ட மழையளவை அறிய விரும்பும் ஓர் ஆசிரியர் தேடுபொறியை நாடுகிறார். அளந்தவர்களின் பக்கம் எங்கோ பின்னால் கிடக்க, அதை எடுத்தாண்ட வேறொருவரின் பக்கம் முன்னால் வந்து நிற்கிறது.

இதற்குக் காரணங்கள் பல; அவற்றுள் ஒன்று எளிதில் களையத்தக்கது. தேடுபொறி சொற்களைப் படிக்கும் இயந்திரம். பொருளை அது ஊகித்தே அறிகிறது. 'மணிலா' பிலிப்பைன்ஸ் நாட்டின் தலைநகர். தமிழ்நாட்டு உழவர் பலருக்கோ அது நிலக்கடலை. '03-04-2024' என்பது இந்தியருக்கு ஏப்ரல் 3, அமெரிக்கருக்கு மார்ச் 4. மனிதர் சுற்றுமுற்றும் பார்த்துத் தெளிவர். இயந்திரத்துக்கோ வெளிப்படையாக எடுத்துச் சொல்லவேண்டும்.

அவ்வாறு சொல்வதற்கென்றே கூகுள், பிங், யாஹூ ஆகிய தேடுபொறிகள் கூடி 2011-ஆம் ஆண்டில் 'ஸ்கீமா.ஆர்க்' என்னும் பொதுச் சொற்றொகுதியை வெளியிட்டன. ரஷ்யாவின் யாண்டெக்ஸ் அவ்வாண்டிலேயே சேர்ந்துகொண்டது. பக்கத்தில் உள்ள செய்தியை, இது தலைப்பு, இது தேதி, இது இடம் என்று பெயரிட்டு, வாசகர் கண்ணுக்குப் புலப்படாத ஒரு பகுதியில் எழுதிவைப்பதே முறை. பெரும்பாலும் 'ஜேசன்-எல்டி' என்ற வடிவில் எழுதுகிறார்கள். நூலட்டையைக் கையாண்டவர்களுக்கு இது புதுமையன்று. சென்னைப் பல்கலைக்கழக நூலகர் எஸ். ஆர். இரங்கநாதன் 1933-இல் வெளியிட்ட கோலன் பகுப்புமுறை, நூற்பொருளைக் கூறுகூறாகப் பிரித்துக் குறியீடு இட்டது. வேலை அதேதான், படிப்பவர் மட்டும் மாறியிருக்கிறார்.

அளவை அட்டவணைகளுக்கு இம்முறை மிகவும் பயன்படும். 2018-இல் கூகுள் தரவுத் தொகுதிகளுக்கெனத் தனித் தேடுபொறி ஒன்றைத் தொடங்கிற்று. அது இத்தகைய குறிப்புகளை நம்பியே இயங்குகிறது. குறிப்பில்லாத அட்டவணை எவ்வளவு சிறந்ததாயினும் அங்கே இடம்பெறுவது அரிது. தொகுதியின் பெயரும் 50 முதல் 5,000 எழுத்துக்களுக்குள் அடங்கும் விளக்கமும் கட்டாயம். அளந்த பொருள், அலகு, இடம், காலம், பயன்படுத்தும் உரிமை ஆகியவற்றையும் குறிக்கலாம்.

இவற்றை நிரப்பவேண்டியவர் யார்? கணினிப் பொறியாளர் என்று உடனே விடை வரும். அது பாதிதான் சரி. இந்திய வானிலைத் துறையின் நாள் மழையளவு, அன்று காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்துக்குரியது. நவம்பர் 15 என்று குறித்த மழையில் பெரும்பகுதி 14-ஆம் நாள் பெய்ததாகவும் இருக்கலாம். மழைமானியைப் படித்த களப்பணியாளர் இதை அறிவார். இணையதளம் அமைக்கும் பொறியாளர் அறிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. மண்மாதிரி எந்த ஆழத்தில் எடுக்கப்பட்டது, விளைச்சல் ஏக்கருக்கா ஹெக்டேருக்கா என்பனவும் இத்தகையனவே. ஆகவே சீட்டின் வாசகத்தைக் களத்தில் நின்றவர் தமிழில் ஒரு தாளில் எழுதித் தரட்டும். குறியீட்டு வடிவம் கொடுப்பது பொறியாளர் வேலை.

பட்டியலில் முதலிடம் பெறும் தந்திரமாக இதை விற்பவர்களும் உண்டு. அவர்களை நம்பவேண்டியதில்லை. குறிப்பு எழுதியமையால் மட்டும் பக்கம் மேலேறாது. சிறப்புத் தோற்றம் கிட்டும் என்ற உறுதியும் இல்லை. தேவையின்றி வினாவிடைகளை அடுக்கி இடத்தை நிரப்பிய தளங்கள் பெருகியபின், 2023-இல் கூகுள் அத்தோற்றத்தைப் பெயர்பெற்ற அரசு, சுகாதாரத் தளங்களுக்கு மட்டும் என்று சுருக்கிவிட்டது. பக்கத்தில் இல்லாததைச் சீட்டில் எழுதுவதோ விதிமீறல். கண்டுபிடிக்கப்பட்டால் சிறப்புத் தோற்றம் பறிபோகும்.

இன்னொரு தடை உள்ளது. பல நிலையங்களின் அட்டவணைகள் ஆண்டறிக்கையின் நடுவே, தாளைப் படமெடுத்த கோப்பாகக் கிடக்கின்றன. சீட்டு ஒட்டுவதற்கு முதலில் ஒரு பக்கம் வேண்டும். அட்டவணை ஒவ்வொன்றுக்கும் தனிப்பக்கம் அமைத்து, எண்களை எண்களாகவே தட்டச்சிட்டு, அதன்பிறகே குறிப்பு எழுதத் தொடங்கலாம். எழுதிய குறிப்பில் பிழை உளதா எனப் பார்க்க ஸ்கீமா.ஆர்க் தளத்திலேயே இலவசச் சோதனைக் கருவி இருக்கிறது.