முசலியை யார் பொறுப்பேற்பது?

ஆறு மாத இடைவெளியில் இரண்டு தேர்தல்கள் கொண்டச்சியைக் கடந்து போயின. 2024 நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தல், 2025 மே 6 உள்ளூராட்சித் தேர்தல். இரண்டு தடவையும் வாகனங்கள் வந்தன, ஒலிபெருக்கிகள் வந்தன. காணி, கடல், காடு என்ற மூன்றைப் பற்றியும் எல்லாக் கட்சிகளும் பேசின. வென்ற பிறகு இந்த மூன்றையும் யார் கையில் எடுப்பது என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

மன்னார், வவுனியா, முல்லைத்தீவு ஆகிய மூன்று நிர்வாக மாவட்டங்களும் சேர்ந்துதான் வன்னித் தேர்தல் மாவட்டம். அதற்கு ஆறு ஆசனங்கள். 2024இல் அந்த ஆறையும் ஐந்து கட்சிகள் பங்கிட்டுக்கொண்டன. தேசிய மக்கள் சக்திக்கு இரண்டு. தமிழரசுக் கட்சி, ஜனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டணி, ஐக்கிய மக்கள் சக்தி, தொழிலாளர் கட்சி ஆகியவற்றுக்கு ஒவ்வொன்று. எண்ணிக்கையில் நமக்குக் குறைவில்லை. ஆனால் கொண்டச்சிக்கோ சிலாவத்துறைக்கோ முள்ளிக்குளத்துக்கோ “நான்தான் பொறுப்பு” என்று சொல்லக் கடமைப்பட்ட ஒருவரும் இந்த ஆறு பேரில் இல்லை. ஏதாவது நல்லது நடந்தால் ஆறு பேருக்கும் அது சாதனை. நடக்காவிட்டால் அது அரசாங்கத்தின் குற்றம்.

காட்டு விவகாரத்தைப் பாருங்கள். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது முசலியின் முஸ்லிம் கிராமங்கள் வெறுமையாகின. இதைத் தமிழ்த் தரப்பில் எழுதும் நாம் ஒவ்வொரு முறையும் முதலில் சொல்லியாக வேண்டும். ஏறத்தாழ இருபது வருடங்கள் மனிதர் இல்லாத நிலத்தில் காடு வளர்ந்தது. போர் முடிந்து ஆட்கள் திரும்பத் தொடங்கிய நிலையில், 2012இல் அந்தப் பகுதிகள் வர்த்தமானி மூலம் ஒதுக்குக் காடாயின. 2017 மார்ச் 24இல் மாவில்லு உட்பட 40,000 ஹெக்டயருக்கும் அதிகமான நிலத்தைப் பாதுகாக்கப்பட்ட வனமாக்கும் அறிவித்தலில் அப்போதைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன ரஷ்யப் பயணத்தில் இருந்தபடியே கையொப்பமிட்டார். முசலியிலிருந்து மொஸ்கோ எவ்வளவு தூரம் என்று அப்போது பலர் கசப்போடு கேட்டார்கள்.

அந்த நேரத்தில் நமது பிரதிநிதிகள் எங்கே இருந்தார்கள்? ரிஷாட் பதியுதீன் அதே அரசாங்கத்தின் அமைச்சர். செல்வம் அடைக்கலநாதன் பாராளுமன்றக் குழுக்களின் பிரதித் தவிசாளர். தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் தலைவர் சம்பந்தன் எதிர்க்கட்சித் தலைவர், அவரது கட்சியோ அந்த அரசின் வரவு செலவுத் திட்டங்களுக்குக் கைதூக்கிய கட்சி. வன்னியின் குரல் கொழும்பில் அவ்வளவு செல்வாக்கோடு இருந்த காலம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அந்தச் செல்வாக்கால் ஒரு வர்த்தமானியை வெளிவருமுன் தடுக்க முடியவில்லை. அறிக்கைகள் வந்தன, அவ்வளவுதான். பின்னர் 2020 நவம்பரில், கல்லாறுக் காடழிப்பு வழக்கில், தனது செலவில் மரம் நடும்படி ரிஷாட் பதியுதீனுக்கு மேன்முறையீட்டு நீதிமன்றம் உத்தரவிட்டது. திரும்பி வந்த குடும்பங்களின் காணி உரிமை, தென்னிலங்கையில் ஒரு அரசியல்வாதியின் காடழிப்புக் கதையாக மாறிப்போனது. சரியான சட்ட வழியில் அந்தக் காணிகளை விடுவித்திருந்தால் அந்தக் கதைக்கே இடமிருந்திருக்காது.

முள்ளிக்குளம் இன்னொரு பக்கம். 2007 செப்டெம்பரில் மக்கள் வெளியேற்றப்பட்டார்கள், ஊருக்குள் கடற்படை அமர்ந்தது. 2017இல் வீதியோரம் உட்கார்ந்து போராடியவர்கள் அந்த ஊர் மக்கள்தான். அவர்கள் உட்கார்ந்ததால்தான் ஒரு பகுதியை விடுவிப்பதாகக் கடற்படைத் தளபதி அறிவிக்க நேர்ந்தது. பாராளுமன்ற உறுப்பினர்கள் பந்தலுக்கு வந்தார்கள், படம் எடுத்தார்கள், போனார்கள். 2025 ஓகஸ்ட், செப்டெம்பரில் காற்றாலைக்கும் கனிம மணல் அகழ்வுக்கும் எதிராக மன்னார் நகரில் நடந்த போராட்டத்திலும் இதே ஒழுங்குதான். முன்னால் நின்றவர்கள் பிரஜைகள் குழுவும் இளைஞர்களும் மதகுருமாரும். செப்டெம்பர் 26 இரவு பொலிஸாரிடம் அடிவாங்கியவர்களும் மக்கள்தான்.

வாக்கு வாங்காமலே தலைமை தாங்கிய ஒருவரை இந்த மாவட்டம் கண்டிருக்கிறது. 2011 ஜனவரியில், போர் முடிந்து இரண்டு வருடங்கள்கூட ஆகாத நிலையில், ஆயர் இராயப்பு ஜோசப் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் அமர்ந்து 1,46,679 பேருக்கு என்ன நடந்தது என்று கேட்டார். அரசாங்கத்தின் சொந்தக் கணக்குகளை அருகருகே வைத்துக் கழித்துக் காட்டிய எண் அது. பாராளுமன்றச் சிறப்புரிமை எதுவும் அவருக்கு இருக்கவில்லை. இருந்தவர்கள் அன்று அப்படியொரு கணக்கைப் போட்டுக் காட்டவில்லை.

மாகாண சபையின் கதை எனக்கு இன்னும் எரிச்சலூட்டுவது. வடக்கு மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. தேர்தல் நடக்கவில்லை என்று எல்லா மேடையிலும் புலம்புகிறோம். அந்தத் தேர்தலை முடக்கிய 2017 செப்டெம்பர் திருத்தச் சட்டத்துக்கு ஆதரவாக வாக்களித்தவர்களில் நமது கூட்டமைப்பு உறுப்பினர்களும் உண்டு. மறு வருடம் எல்லை நிர்ணய அறிக்கை வாக்கெடுப்புக்கு வந்தபோது அதற்கு ஆதரவாக ஒரு வாக்கும் இல்லை, அதைக் கொண்டுவந்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார். பழைய சட்டமும் போய், புதிய சட்டமும் இயங்காமல், நாம் நடுவே நிற்கிறோம். ஏன் அன்று கைதூக்கினீர்கள் என்ற கேள்விக்கு இன்றுவரை நேரான பதில் வரவில்லை. ஓராண்டுக்குள் நடத்துவோம் என்று எழுதி வாக்குக் கேட்ட இன்றைய ஆளுங்கட்சியும் அந்த ஓராண்டைக் கடந்துவிட்டது. வன்னியில் அந்தக் கட்சிக்கும் இரண்டு பேர் இருக்கிறார்கள்.

பிரதேச சபையும் இப்படித்தான் கிடந்தது. 2023 மார்ச்சில் காலம் முடிந்து, இரண்டு வருடங்களுக்கு மேல் செயலாளரின் கையில் இருந்தது.

ஒரு பழைய விடயம். முத்துக் குளிப்புக் காலங்களில் கொண்டச்சிக் குடாவின் மணலில் ஆயிரக்கணக்கானோர் கூடும் தற்காலிக நகரமே எழுந்ததாம். 1906இல் ஆங்கிலேய அரசு முத்துப் பார்களை ஒரு கம்பனிக்கு இருபது வருடக் குத்தகைக்கு, வருடம் 3,10,000 ரூபாவுக்குக் கொடுத்தது. கரையில் இருந்தவர்களின் விருப்பத்தைக் கேட்டுக் கொடுத்ததல்ல. கம்பனி சில வருடங்களிலேயே படுத்துவிட்டது. அன்று கேட்காததற்குக் காரணம் உண்டு, நமக்கு வாக்கில்லை.

இன்று வாக்கு இருக்கிறது. பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டங்களும் இருக்கின்றன. காணி, வனம், கடற்படை, மரமுந்திரிகைத் தோட்டம், மீன்பிடி என்று எல்லாம் அங்கே பேசப்படுகின்றன. கமரா இருக்கும்வரை சத்தம் பலமாக இருக்கும். அங்கே எடுத்த தீர்மானம் அடுத்த கூட்டத்தில் என்னவானது என்று கேட்கும் பழக்கம் நம்மிடம் இல்லை. அது அவர்களுக்கு வசதி.

2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அந்த வசதியைக் கொஞ்சம் குலைக்கும். முசலிப் பிரதேச செயலகத்தின் தகவல் உத்தியோகத்தருக்குத் தமிழில் ஒரு கடிதம் போதும். கடந்த மூன்று வருடக் கூட்ட அறிக்கைகள், வருகை தந்த பாராளுமன்ற உறுப்பினர்களின் பெயர், ஒவ்வொரு காணித் தீர்மானத்தின் இன்றைய நிலை ஆகியவற்றைக் கேளுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. கொடுப்பதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் அறிவிக்க வேண்டும்.